நிற்கவும் வேண்டும், விழவும் வேண்டும்: விழுங்கச் சிரமப்படுவோருக்கு ராகிக் களியை மாற்றிச் செய்தல்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராகிக் களியை மென்று தின்பவர் கிடையாது. உருண்டையைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே வழுக்கி விழுங்குவதுதான் பழக்கம். நாக்கும் தொண்டையும் சொன்னபடி கேட்கும்வரை இதில் ஆபத்தில்லை. வாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்தவர், நடுக்குவாதம் முற்றியவர், கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர், வயது முதிர்ந்து மெலிந்தவர் ஆகியோருக்கு அதே உருண்டைதான் வீட்டிலேயே மோசமான உணவாகிவிடுகிறது. அது நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டும், உடையாமல் ஒரே கட்டியாக இறங்கும், பாதி வழியில் தொண்டையில் தங்கும். மேலே ஊற்றிய குழம்பு மட்டும் தனியாகப் பிரிந்து மூச்சுக்குழல் பக்கம் ஓடும்.

"களி வேண்டாம், ஓட்ஸ் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. அறுபது வருடம் களி தின்ற வாய் மூன்றாம் நாளே ஓட்ஸ் கிண்ணத்தைத் தள்ளிவிடும். அப்புறம் எடை குறையும், உடம்பு இன்னும் தளரும், விழுங்குவது இன்னும் கெடும். அதனால் களியின் ருசியையும் மணத்தையும் விடாமல், பதத்தை மட்டும் மாற்றும் வழிதான் இங்கே. எந்த இடத்தில் சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

அதற்கு முன் ஒன்று. எந்தப் பதம் யாருக்குப் பொருந்தும் என்பதை வீட்டில் முடிவு செய்ய முடியாது. உணவு மூச்சுக்குழலுக்குள் போனாலும் இருமலே வராத ஆட்கள் உண்டு. அவர்கள் அமைதியாகச் சாப்பிடுவதைப் பார்த்து "நன்றாக இறங்குகிறது" என்று நினைத்துவிடுவோம். அடுத்தடுத்து காய்ச்சல், மார்ச்சளி என்று வரும்போதுதான் தெரியும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கி, ஸ்பீச் தெரபிஸ்ட் என்று சொல்லப்படும் பேச்சுப் பயிற்சி நிபுணரைக் கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கு மட்டுமில்லை, விழுங்குவதற்கும் அவர்தான் ஆள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருப்பவருக்கு இந்த நிபுணரின் சம்மதம் இல்லாமல் ஒரு கரண்டிகூட வாயில் கொடுக்கக் கூடாது, "ருசிக்காகக் கொஞ்சம்" என்றாலும்.

அவர் ஓர் எண் சொல்வார். உலக அளவில் இப்போது பயன்படுவது ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற அளவுகோல்; 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்றால் தண்ணீர். 1, 2, 3 என்று போகப்போகக் கெட்டி கூடும். 4 என்றால் மென்மையான மசியல், மெல்லவே தேவையில்லை. 5 என்றால் பொடியாக நறுக்கிய ஈரமான உணவு, 6 என்றால் சிறு துண்டுகளாக மென்மையானது, 7 என்றால் வழக்கமான சாப்பாடு. கீழே உள்ள களி 4ஆம் நிலைக்கானது. 3ஆம் நிலைக்கு எங்கே மாற்ற வேண்டும் என்பதும் உண்டு.

சோதனைக்கு வேண்டிய பொருட்கள்

ஒரு முள்கரண்டி, ஒரு டீஸ்பூன், மருந்துக்கடையில் வாங்கிய 10 மில்லி சிரிஞ்சு, கைக்கடிகாரம், சமையலறைத் தராசு. சிரிஞ்சை வாங்கும்போது கையோடு ஸ்கேல் எடுத்துப் போங்கள். பூஜ்ஜியக் கோட்டிலிருந்து 10 மில்லிக் கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், முனை திருகு இல்லாத சாதாரண வகையாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் எல்லா 10 மில்லி சிரிஞ்சும் ஒரே நீளமல்ல. குட்டையாகப் பருத்த குழலில் திரவம் ஓடும் வேகம் வேறாகிவிடும், அப்புறம் எண்ணை நம்ப முடியாது.

திரவத்துக்கான சோதனை: ஊசியையும் உள்ளே தள்ளும் தண்டையும் எடுத்துவிடுங்கள். முனையை விரலால் அடைத்து 10 மில்லி வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து சரியாகப் பத்து விநாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். உள்ளே மிச்சம் 1 மில்லிக்கும் குறைவு என்றால் நிலை 0. 1 முதல் 4 மில்லி வரை நின்றால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் நின்று, ஆனாலும் கொஞ்சம் ஓடியிருந்தால் நிலை 3. ஒரு சொட்டும் ஓடவில்லை என்றால் நிலை 4. இனி சிரிஞ்சு உதவாது, கரண்டிக்கு மாற வேண்டும்.

4ஆம் நிலைக்கு இரண்டு சோதனைகள். முள்கரண்டியில் அள்ளித் தூக்கினால் மேலே குவியலாக நிற்க வேண்டும். இடுக்கு வழியாகக் கீழே ஒரு சிறு வால் தொங்கலாம். தொடர்ந்து சொட்டக் கூடாது. அடுத்து டீஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வடிவம் கெடாமல் நின்று, சாய்த்ததும் அல்லது லேசாக உதறியதும் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், கரண்டியில் மெல்லிய படலத்துக்கு மேல் எதுவும் தங்கக் கூடாது. களியில் தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சோதனையில்தான். முள்கரண்டியில் அழகாக நிற்கும், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது. கரண்டியை விடாதது தொண்டையையும் விடாது.

முதல் தடவை: களியையே தளர்த்திப் பார்ப்பது

பலரும் முதலில் செய்வது இதைத்தான். வழக்கமான களிக்கு ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். கிண்டி முடித்த களியில் வெந்நீர் ஊற்றி மத்தால் கடைகிறார்கள். வருவது களியுமில்லை, கூழுமில்லை. வெளியே தண்ணீராகவும் உள்ளே வெந்து இறுகிய சிறு கட்டிகளாகவும் நிற்கும். ஒரே வாயில் திரவமும் கட்டியும் சேர்ந்து வருவதுதான் விழுங்கத் திணறுபவருக்கு மிகக் கடினம். திரவம் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடும்போது, நாக்கு இன்னும் கட்டியோடு போராடிக்கொண்டிருக்கும். மிக்சியில் அடித்தால் கட்டி போகும். ஆனால் வெந்து இறுகிய மாவை அரைத்தால் பசை மாதிரி இழுக்கும், கரண்டிச் சோதனையில் நேராகத் தோற்கும். ஆகவே களியிலிருந்து இறங்கி வரக் கூடாது, கஞ்சியிலிருந்து ஏறிப் போக வேண்டும்.

இரண்டாம் தடவை: முளைகட்டிய மாவு

சத்து அதிகம் என்று முளைகட்டிய ராகி மாவை எடுப்பார்கள். அடுப்பில் வைத்த சில நிமிடத்தில் கெட்டியாவது போலத் தோன்றி, பிறகு நீர்த்துவிடும். முளைக்கும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி பெருகுகிறது. சூடேறும் நேரத்தில் அது வேலை செய்து கஞ்சியை நீர்க்க வைக்கிறது. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும்போது இது நல்ல குணம், குறைந்த தண்ணீரில் நிறைய மாவு சேர்க்கலாம். இங்கே கெட்டித்தன்மைதான் பாதுகாப்பு, ஆகவே முளைகட்டாத மாவே வேண்டும். கடை மாவு என்றால் உறையைப் படியுங்கள். மில்லில் அரைத்து வாங்கினால், முந்தைய ஆள் என்ன அரைத்தார் என்று கேளுங்கள். கம்போ மிளகாயோ கலந்து வந்தால் பதமும் காரமும் மாறிவிடும். மாவை மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலித்து உமியை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் தடவை: நின்று, விழுகிற களி

ஓர் ஆளுக்கு ஒரு வேளை அளவு:

சலித்த ராகி மாவு 30 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு, நெய் ஒரு டீஸ்பூன் (5 மில்லி), காய்ந்த கொள்ளு 25 கிராம்.

கொள்ளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகிற பதத்துக்குக் குக்கரில் வேகவையுங்கள். பெரும்பாலும் ஆறு ஏழு விசில் ஆகும், பழைய கொள்ளு என்றால் இன்னும் கூட. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதில் கொஞ்சம் விட்டு மிக்சியில் வெண்ணெய் போல அரைத்து, டீ வடிகட்டியில் கரண்டியின் முதுகால் தேய்த்து வடியுங்கள். தோல் வடிகட்டியில் நின்றுவிடும். இந்தத் தோல்தான் பின்னால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இருமலைக் கிளப்பும். சோம்பல் பட்டு விடக் கூடாத படி இது.

100 மில்லி பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து பத்து நிமிடம் வையுங்கள். மீதி 200 மில்லியைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றியபடி மறுகையால் துழாவுங்கள். உலர்ந்த மாவை நேராகக் கொதிநீரில் தட்டுவது களிக்குச் சரி, இதற்கு ஆகாது: மேல்மாவு வெந்து உள்மாவு பச்சையாக நிற்கும் கட்டிகள் வந்துவிடும். எட்டு முதல் பத்து நிமிடம் விடாமல் துழாவ, பச்சை வாசனை போய் நிறம் கருத்துப் பளபளப்பு வரும். இறக்கி ஒருமுறை வடிகட்டியில் தேய்த்து, நெய்யும் கொள்ளு விழுதும் சேர்த்து விஸ்க்கால் அடியுங்கள்.

நெய் இங்கே ருசிக்காக மட்டும் இல்லை. ராகியின் பசைத்தன்மையை உடைத்து, கரண்டியை விட்டு வழுக்க வைப்பது அதுதான். கொள்ளு விழுதும் அதே உதவியைச் செய்கிறது. மாவுச்சத்து மட்டும் இருக்கும் கிண்ணம் ஒட்டும், பருப்பு கலந்த கிண்ணம் அவ்வளவாக ஒட்டாது.

மேலே சொன்னது தொடங்குவதற்கான அளவு. மாவு அரைத்த பதம், தானியத்தின் வயது, பாத்திரத்தின் அகலம் எல்லாம் முடிவை மாற்றும். அகன்ற வாணலியில் அதே நேரத்தில் அதிகத் தண்ணீர் ஆவியாகிவிடும். கெட்டியாகிக் கரண்டியை விடவில்லை என்றால் வெந்நீர் ஒரு மேசைக்கரண்டி, கால் டீஸ்பூன் நெய், மறுபடி அடித்துச் சோதனை. சொட்டினால் அடுப்பில் வைத்து இரண்டு நிமிடம். பச்சை மாவைத் தூவிச் சரிக்கட்ட வேண்டாம்.

3ஆம் நிலை சொல்லியிருந்தால் மாவை 18 முதல் 20 கிராமாகக் குறைத்து, தண்ணீரை அப்படியே வைத்துத் தொடங்குங்கள். முள்கரண்டி இடுக்கில் மெதுவாகத் திட்டுத் திட்டாக விழ வேண்டும்; சிரிஞ்சில் பத்து விநாடிக்குப் பின் 8 மில்லிக்கு மேல் நிற்க வேண்டும்.

சூடு ஆறியதும் எல்லாம் மாறும்

அடுப்படியில் சோதித்தால் போதும் என்று நினைப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. ராகிக் கஞ்சி ஆற ஆற இறுகும். கொதிக்கும்போது 3ஆம் நிலையில் இருந்தது, வெதுவெதுப்பில் 4க்கு வந்து, முழுக்க ஆறினால் அல்வா மாதிரி வெட்டக்கூடிய கட்டியாகிவிடும். சாப்பிடும் சூட்டில், சாப்பிடும் கிண்ணத்தில், வாய்க்குக் கொண்டுபோகும் முன் சோதியுங்கள். பாதிச் சாப்பாட்டில் ஒருமுறை மறுபடி. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டால் பதம் நீடிக்கும். மேலே ஆடை கட்டினால் கலக்கிவிடாமல் எடுத்தெறியுங்கள். அது தோல் போலத் தொண்டையில் பரவும்.

நேர்மாறானதும் உண்டு. வாயில் வைத்த கரண்டியையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை நீர்க்க வைக்கும். கடைசிக் கால்வாசி தண்ணீராகி நிற்பதும், சாப்பாட்டு முடிவில் இருமல் வருவதும் இதனால்தான். அதனால் இரண்டு கிண்ணம்: பெரியதில் இருப்பு, சிறியதில் நான்கைந்து கரண்டி. சிறியது தீர்ந்ததும் சுத்தமான கரண்டியால் நிரப்புங்கள். கடையில் கிடைக்கும் சாந்தன் கம் அடிப்படையிலான கெட்டிப்படுத்தும் பவுடரை எச்சில் இப்படி உடைப்பதில்லை. தண்ணீரையும் டீயையும் கெட்டியாக்கச் சொல்லியிருந்தால் அதுவே நம்பகமானது. அளவை டப்பாவில் உள்ளபடி போட்டு, அதில் சொன்ன நேரம் காத்திருந்து சிரிஞ்சில் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது.

தண்ணீரைக் கெட்டியாக்குவது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்டி கூடக் கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அதிகக் கெட்டியான திரவம் தொண்டையில் மிச்சம் தங்கும், குடிக்கவும் பிடிக்காது, நாள் முழுக்க அரை லிட்டர்கூட உள்ளே போகாமல் உடம்பு வறண்டுவிடும். சொன்ன எண்ணைத் தாண்டாதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளானால் மருத்துவமனையில் சொல்லுங்கள்.

குழம்பு, கூழ், மாம்பழம்

களியோடு வரும் குழம்பும் களியின் பதத்திலேயே இருக்க வேண்டும். கீரைக் கடைசல் பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் ஓரத்தில் பச்சைத் தண்ணீர் விட்டு நிற்கும். இலையை மட்டும் கிள்ளி, தண்டை விட்டு, வெந்த துவரம்பருப்போடு சேர்த்து அரைத்தால் பிரியாது. தாளிப்பைத் தனியாகச் செய்து, மணம் இறங்கியதும் எண்ணெயை மட்டும் வடித்துச் சேருங்கள். கடுகு, மிளகாய்த்தோல், கறிவேப்பிலை, சீரகம் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. கருவாட்டுக் குழம்பு மணம் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்களுக்கும் இதே வழிதான்: முள் எதுவும் தப்ப முடியாதபடி குழம்பை மெல்லிய துணியில் வடித்து, பருப்பு விழுதில் கலந்து கெட்டியாக்குங்கள்.

வழக்கமான கூழில் நொய்யும், மோரும், பச்சை வெங்காயமும் சேரும். மூன்று பதம் ஒரே வாயில். நொய் இல்லாமல், முந்தின நாள் புளிக்கவைத்த ராகிக் கரைசலை மேலே சொன்ன முறையில் காய்ச்சி, மோருக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரை அடித்துக் கலந்தால் கூழின் புளிப்பு அப்படியே கிடைக்கும். உறைந்த தயிரை நேராகக் கொடுக்காதீர்கள். கரண்டி போட்டதும் தெளிதண்ணீர் பிரியும்.

கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்தில் மாங்கூழ் எல்லா வீட்டிலும் ஆசை. பழத்தை அரைத்து நாரை வடிகட்டியில் நிறுத்திவிட்டு, முதலில் முள்கரண்டியில் தூக்கிப் பாருங்கள். சொட்டினால் கெட்டித் தயிரோடு அடியுங்கள். டப்பாவில் வரும் கூழில் சர்க்கரை சேர்த்திருக்கலாம், நீரிழிவுக்காரருக்கு உறையைப் பார்த்து வாங்குங்கள். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் கெட்டியாகத் தெரிந்தாலும் வாய்ச் சூட்டில் தண்ணீராகும். கெட்டித் திரவம் சொல்லப்பட்டவருக்கு ஆகாது. வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் மசித்தால் ஒட்டும், தயிரோ நெய்யோ இல்லாமல் கொடுக்க வேண்டாம். 5ஆம் நிலைக்காரருக்கு இட்லியைக் கெட்டிச் சாம்பாரில் ஊற மசித்துத் தரலாம், கட்டி முள்கரண்டியின் இடுக்கை, அதாவது 4 மில்லிமீட்டரைத் தாண்டாமல். குழந்தைக்கு 2 மில்லிமீட்டர்.

ஒரு கிண்ணத்தில் எவ்வளவு இருக்கிறது

100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 320 கலோரி. பழைய உருண்டைக் களியில் ஓர் ஆள் ஒரு வேளைக்கு அந்த 100 கிராமையும் எளிதாக உள்ளே தள்ளிவிடுவார். நம் கிண்ணத்தில் 30 கிராம்தான், 100 கலோரிக்குக் கொஞ்சம் கீழே. கொள்ளையும் நெய்யையும் சேர்த்தால் மொத்தம் 220 பக்கம் வரும். வயிறு நிறைந்தது போல இருக்கும், பலம் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். மூன்று வேளையை ஐந்து ஆறாகப் பிரித்து, வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காமல் கொடுங்கள். அதற்கு மேல் போனால் தொண்டைத் தசை களைத்துவிடும், களைத்தபின் புரையேறும் வாய்ப்பு கூடும். பால் பவுடர், கூடுதல் நெய், பருப்பு விழுது ஆகியவற்றால் அதே அளவில் பலம் ஏற்றலாம். சேர்த்த ஒவ்வொரு முறையும் கரண்டிச் சோதனை. வாரம் ஒருநாள் அதே கிழமை எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள்.

டம்ளரில் ஒரு வெட்டு

அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக் குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். தலை பின்னே சாய்ந்தால் மூச்சுப்பாதை திறந்த நிலைக்கு வரும், தண்ணீர் விழுங்கும் முன்பே இறங்கிவிடும். உதடு வைத்துக் குடித்தாலும் டம்ளர் பாதி காலியானதும் விளிம்பு மூக்கில் முட்டும், தலை தானாகப் பின்னே போகும். இந்த இரு மாவட்டங்களிலும் ஃபுளோரைடு மிகுந்த கிணற்றுத் தண்ணீர் பல வருடம் குடித்து எலும்பு பாதித்து, கழுத்து விறைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தலையை அசைப்பதே சிரமம். விளிம்பில் மூக்குக்கு இடம் விட்டு வெட்டிய டம்ளர் இரண்டு பேருக்கும் உதவும்.

அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட, கொஞ்சம் வளையும் பிளாஸ்டிக் டம்ளர், 200 மில்லி. 6 என்று போட்டது வெட்டும்போதே விரிசல் விடும். எவர்சில்வரை வெட்டவே வேண்டாம், விளிம்பு கத்தியாகிவிடும். விளிம்பில் 5 சென்டிமீட்டர் அகலம், 3.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'ப'வைப் போலக் குறியுங்கள். கீழ் மூலை இரண்டிலும் 6 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொண்டு, விளிம்பிலிருந்து துளை வரை வெட்டி, துளைகளை இணையுங்கள். துளை இல்லாமல் கூர்மூலையாக வெட்டினால் நாளடைவில் அங்கிருந்தே கீறும். 220 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 400. முடித்ததும் பஞ்சால் வெட்டு முழுக்கத் தடவுங்கள். ஓர் இழை மாட்டினாலும் அந்த இடத்தை மறுபடி தேயுங்கள். வெட்டாத பக்கத்தில் உதடு, வெட்டிய பக்கம் மூக்குக்கு. வெட்டின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் ஊற்றுங்கள். ஒரு மடக்கு, விழுங்கல், அப்புறம்தான் அடுத்தது.

உட்காரும் இடம்

கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி ஊட்டுவது வேண்டாம். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். இருக்கையின் பின் ஓரத்தில் போர்வையை மடித்து வைத்துச் சமன் செய்யுங்கள். இடுப்பு நாற்காலியின் முதுகை ஒட்ட வேண்டும், முழங்கால் நேர்கோணத்தில் மடங்க வேண்டும். பாதம் தொங்கினால் செங்கல் இரண்டின் மேல் பலகை. தளர்ந்த பக்கம் சரிகிறவருக்கு அந்தப் பக்கம் துண்டைச் சுருட்டி விலாவில் சொருகுங்கள். தாடையைத் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு நல்லது, சிலருக்குக் கெடுதல். நிபுணர் சொன்னால் மட்டும். இல்லையென்றால் தலை நேராக இருக்கட்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அவர் வரும்போது நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டி, சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஊட்டுபவரும் உட்கார வேண்டும். நின்றபடி ஊட்டினால் அவர் முகத்தைப் பார்க்கத் தலை மேலே தூக்கும். ஆழம் குறைந்த கரண்டி, முதலில் அரை டீஸ்பூன். கீழிருந்து கொண்டுபோய் நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, மேல் பல்லில் தேய்க்காமல் நேராக வெளியே இழுங்கள். குரல்வளை மேடு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தபின் ஒரு வெறும் விழுங்கல் கேளுங்கள். அப்புறம்தான் அடுத்த கரண்டி. நாலைந்து கரண்டிக்கு ஒருமுறை "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் கொளகொளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்தி, கனைத்து விழுங்கச் சொல்லுங்கள். டி.வி. வேண்டாம், வாயில் இருக்கும்போது "நல்லா இருக்கா?" என்று கேட்கவும் வேண்டாம், பதில் சொல்ல மூச்சு இழுப்பார்கள்.

புரையேறினால் தலையில் தட்டுவதும் தண்ணீர் கொடுப்பதும் பழக்கம். இரண்டும் கூடாது. முன்னே குனிந்து அவரே இருமட்டும். இருமலும் வராமல், சத்தமும் வராமல், மூச்சும் வராமல் தொண்டையைப் பிடித்தால் அது அடைப்பு: குனியவைத்து இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு, போகவில்லை என்றால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே கைகட்டி உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம், மாறி மாறி. இன்னொருவர் 108க்கு அழைக்கட்டும்.

மாத்திரையைக் களியில் நசுக்கிப் போடும் முன் மருந்தாளரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகையையும் மேலுறை உள்ளதையும் நசுக்கக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பின்

விரலில் துணி சுற்றித் தளர்ந்த பக்கக் கன்னத்துக்குள் பாருங்கள். மிச்சம் ஒதுங்கியிருப்பது அங்கேதான், அரை மணி கழித்துப் படுத்தபின் உள்ளே நழுவுவதும் அதுவே. பல் இல்லாதவருக்கும் காலையிலும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் ஈறு, நாக்கு, அண்ணம் துடைக்க வேண்டும், பல்செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். எச்சில் கொஞ்சம் உள்ளே போவதை எப்போதும் தடுக்க முடியாது. அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும் வாய்ப்பு அதிகம். அதன் பிறகும் முப்பது நிமிடம் அதே நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கட்டும்.

மீந்த களியை ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். இறுகியதைக் கிண்டித் தளர்த்தாமல், வெந்நீர் கொஞ்சம் விட்டு அடுப்பில் வைத்து அடித்து, வடிகட்டியில் தேய்த்து, முதல் தடவைபோலவே இரண்டு சோதனையும் செய்யுங்கள். வாதம் வந்தவர்களில் பலருக்கு முதல் சில வாரங்களில் விழுங்கும் திறன் திரும்ப வரும். ஆகவே 4 என்று எழுதிக் கொடுத்த சீட்டை மாதக்கணக்கில் சுவரில் ஒட்டியே வைத்திருக்காதீர்கள். அடுத்த சோதனைத் தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். இடையில் காய்ச்சல், எடைக் குறைவு, சாப்பாட்டுக்குப் பின் மூச்சு வேகம் எது வந்தாலும் அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.